மாடியில் யாரும் இல்லை

என் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் என்ற இடத்தில் காரைக்கால் என்று இருக்கும். குடியுரிமை என்ற இடத்தில் பிரான்ஸ் என்று இருக்கும். சென்னை விமான நிலையத்தில் அதிகாரிகள் அதைப் படித்துவிட்டு என் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். "சொந்த ஊருக்கு வர்றீங்களாம்மா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். ஆனால் அதைச் சொல்லும்போது நான் நிற்பது வெளிநாட்டவருக்கான வரிசையில்.

காரைக்காலுக்கும் திருநள்ளாறுக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்தில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். இருபத்தொரு வயதில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் கணவரின் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட வீடுகளை, சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை வைத்து, இன்றும் 'சொல்தா வீடு' என்றுதான் சொல்வார்கள். சொல்தா வீட்டு மருமகளாகப் போன எனக்கு அடுத்த வருடமே விமானம் ஏற வேண்டியிருந்தது. பாரீஸுக்கு வெளியே ஓர் ஊரில் பள்ளிக்கூடச் சமையல்கூடத்திலும், பிறகு முதியோர் இல்லம் ஒன்றிலும் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். நடுவில் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினேன். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போது அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வேலைக்கு வசதி, மகளின் படிப்புக்கு வசதி, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தபோது ஊரில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. எனக்கு ஒரே அக்கா. முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேரை எழுப்பி உட்கார வைத்து, நடக்கப் பழக்கிய கை இது. என் அக்காவுக்கு அதைச் செய்யாமல் அங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன் என்று தோன்றியது. ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பூர்வீகம் உள்ளவர்களுக்குத் தரும் நீண்ட விசா ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அக்கா இருப்பது அவள் மகன் வீட்டில். ஒரு கூடமும் ஓர் அறையும்தான். அக்காவின் கட்டில் கூடத்தில் கிடந்தது. பேரப்பிள்ளைகள் படிப்பதும் படுப்பதும் அதே கூடத்தில்தான். நானும் அங்கே போய்ப் பாயை விரித்தால் அந்த வீட்டு மருமகள் நடமாட இடம் இருக்காது. டவுனில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய் வருவது என்று முடிவு செய்தேன். அப்போதுதான் என் சிநேகிதி போன் செய்தாள்.

அவளும் எங்கள் ஊர்க்காரிதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. காரைக்காலில் அரசு வேலையில் இருப்பவரைக் கட்டிக்கொண்டு, பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் வீடு கட்டிக் குடியிருக்கிறாள். நான் லீவுக்கு வரும்போதெல்லாம் முதலில் போகிற வீடு அதுதான்.

"எங்க வீட்டு மாடி சும்மாதான்டி கெடக்கு. ரூமு, சமையக்கட்டு, பாத்ரூமு எல்லாம் தனியா இருக்கு. நீ என்னாத்துக்கு வேற எடம் தேடுற?" என்றாள்.

வாடகை வாங்கிக்கொண்டால் வருகிறேன் என்றேன். முதலில் கோபித்துக்கொண்டாள். அப்புறம் சரி என்றாள்.

வந்து இறங்கிய அன்றே பாஸ்போர்ட், விசா இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டு கீழே போனேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவரை யார் தன் வீட்டில் தங்க வைத்தாலும், ஒரு நாளைக்குள் அதை ஆன்லைனில் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்தக்காரராக இருந்தாலும் அப்படித்தான். தங்குகிறவர் அதைச் செய்ய முடியாது, வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும். விசா வாங்கும்போதே இதையெல்லாம் படித்து வைத்திருந்தேன்.

"இந்தா, ஒங்க வீட்டுக்காரர்கிட்ட குடு. நாளைக்குள்ள பதிவு பண்ணணும்," என்றேன்.

"எதுக்கு?"

"நான் வெளிநாட்டுக்காரிடி. வீட்ல வச்சிருந்தா சொல்லணும்."

அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "யாரு, நீ வெளிநாட்டுக்காரியா? பாவாடைய இழுத்துச் சொருவிக்கிட்டு வாய்க்கால்ல நண்டு புடிச்சவ வெளிநாட்டுக்காரியா? போடி அங்கிட்டு. என் வீட்ல நீ இருக்குறதுக்கு எவன்கிட்ட நான் சொல்லணும்?"

உள்ளேயிருந்து வந்த அவள் கணவர் நகலை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் மாடிக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான். அங்கே முப்பது வருடமாக, புதிதாகப் பார்க்கிற ஒவ்வொருவரும் எந்த ஊர் என்று கேட்பார்கள். பிரான்ஸ் என்று சொன்னால், சரி, அதற்கு முன்னால் எந்த ஊர் என்பார்கள். இங்கே வந்தால் வேறு வரிசை. அந்தச் சொல்லை என்மேல் ஒட்டவிடாமல் தட்டிவிட்ட ஒரே ஆள் அவள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு விலாசம் காகிதத்தில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். பிரான்ஸில் தங்கும் இடத்துக்கு அத்தாட்சி இல்லையென்றால் பேங்கில் கணக்குத் திறக்க முடியாது, டாக்டர் சீட்டு வாங்க முடியாது, தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்க முடியாது. இது அவளுக்கும் தெரியும். ஏனென்றால் அவள் மகன் மேல்படிப்புக்கு அங்கே வந்தபோது எங்கள் வீட்டில்தான் தங்கினான். அப்போது அவள்தான் எனக்குப் போன் செய்து, "அவன் யாரு வீட்ல இருக்கான்னு எழுதிக் குடுக்கணுமாம்டி. இல்லாட்டி திருப்பி அனுப்பிடுவானுவளாம்," என்று பதறினாள். இவன் என் வீட்டில் இருக்கிறான் என்று அன்று மாலையே எழுதி, என் அடையாள அட்டை நகலையும் கரண்டு பில்லையும் சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தான். என் கணவருக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம்.

அதனால் இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டேன். அவள் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "அதெல்லாம் அவரு அன்னிக்கே போட்டுட்டாருடி. நீ இன்னும் அதையே புடிச்சிக்கிட்டு நிக்கிற," என்றாள். சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். காலையில் டீ குடித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போவேன். அக்காவின் காலை நீவி, மடக்கி நீட்டி, கட்டிலைப் பிடித்து நிற்க வைப்பேன். முதல் மாதம் நின்றாலே அழுவாள். மூன்றாவது மாதம் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். திட்டுகிறாள் என்றால் தேறிவிடுவாள் என்று அவள் மகனிடம் சொன்னேன். வாரம் இரண்டு நாள் ஆட்டோ வைத்து அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டி வருவேன்.

சாயங்காலம் சிநேகிதி மாடிக்கு வருவாள். இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுவோம். காரைக்கால்மேட்டிலிருந்து கூடையில் மீன் கொண்டு வரும் அம்மா ஒருத்தி உண்டு. முதல் தடவை அந்த அம்மா என்னைப் பார்த்து, யார் இது என்று கேட்டதற்கு, "இவ என் கூடப் பொறந்தவ. ரெண்டு பேருக்கும் ஒரே வெல போடு," என்றாள் என் சிநேகிதி. இட்லிக்கு அரைக்கச் சின்ன கிரைண்டர் ஒன்று வாங்கினேன். அவளுடைய கிரைண்டர் பழுதாகிக் கிடந்ததால் இரண்டு வீட்டுக்கும் மாவு மாடியில்தான் அரைபட்டது.

ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து தங்குவதென்றால் என்னுடைய விசாவில் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அக்கா அப்போதுதான் வாக்கர் பிடித்து நான்கு எட்டு வைக்கத் தொடங்கியிருந்தாள். இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. மகளைப் போனில் வைத்துக்கொண்டு ஆன்லைனில் விண்ணப்பத்தை நிரப்பினேன். அதில் ஒரு கட்டத்தில், வீட்டு உரிமையாளர் உங்களைப் பற்றிப் பதிவு செய்த படிவத்தின் நகலை இணைக்கவும் என்று வந்தது.

கீழே போய்க் கேட்டேன். "அதுக்கென்னங்க, எடுத்துத் தர்றேன்," என்றார் சிநேகிதியின் கணவர். மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றார். அதற்கு மறுநாள் பிரிண்டர் வேலை செய்யவில்லை. அதற்கடுத்து அவர் வீட்டுக்கு வருவதே நேரம் கழித்துத்தான். சிநேகிதியும் சாயங்காலம் மேலே வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் மூட்டு வலி என்றாள். நான் படி ஏறி இறங்கும்போது கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. முன்பெல்லாம் அது திறந்தே கிடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே போய் நின்றேன்.

"நாள் நெருங்கிடுச்சுங்க. அந்த நகல் இன்னிக்குக் கெடைக்குமா?"

அவர் சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்தபடியே, "அது வேணாங்க. கோயிலுக்கு வந்திருக்கேன், லாட்ஜுல தங்கியிருக்கேன்னு எழுதிடுங்களேன்," என்றார்.

"ஆறு மாசமாவா கோயிலுக்கு வந்திருக்கேன்?"

சிநேகிதி தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவரு சொல்றபடி செய்யேன்டி. என்ன கெட்டுப்போச்சு?" என்றாள்.

பதிவு செய்யவே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த நிமிஷத்தில்கூட அதைச் சோம்பல் என்றுதான் நினைத்தேன். மறந்திருப்பார், மறந்ததைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நானாகவே அவருக்காக ஒரு காரணத்தைச் செய்துகொண்டேன்.

"பொய்யா எழுத மாட்டேன். எனக்கு அது சரிப்படாது. இப்பக்கூட லேட்டாப் பதிவு பண்ணலாம், அபராதம் இருந்தா நான் கட்டிடுறேன்," என்றேன். அவர் கை கழுவ எழுந்து போனார்.

அன்று சாயங்காலமே என் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். இந்த வீட்டு மாடியில் இத்தனை மாதமாகக் குடியிருக்கிறேன், உரிமையாளர் பதிவு செய்திருப்பதாக நினைத்திருந்தேன், செய்யவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். மறுநாள் காலை சிநேகிதியிடமும் சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

"யாரக் கேட்டுடி எழுதுன?"

"இருக்குற எடத்த எழுத யாரக் கேக்கணும்?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. ஒரு பெண் ஏட்டும் அவரோடு ஒரு கான்ஸ்டபிளும் வந்திருந்தார்கள். விண்ணப்பத்தில் கொடுத்த விலாசத்தைச் சரிபார்க்க வந்திருப்பதாக அந்த அம்மா சொன்னது மாடி வரைக்கும் கேட்டது. பையைத் தோளில் மாட்டியபடியே படி இறங்கினேன். பாதிப் படியில் இருக்கும்போது சிநேகிதியின் குரல் வந்தது.

"அவங்க கோயிலுக்கு வந்தவங்க மேடம். போன வாரந்தான் வந்தாங்க. திருநள்ளாத்துல ரூம் கெடைக்கல, ரெண்டு நாளைக்கு இருக்கட்டுமான்னு கேட்டாங்க. சின்ன வயசுல ஸ்கூல்ல பாத்த பழக்கம், அதான் சரின்னேன். ஃபாரின் பாஸ்போர்ட்டுன்னுல்லாம் எங்களுக்குத் தெரியாது."

அவங்க. என் வாழ்நாளில் அவள் என்னை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவ, இவ, அந்தச் சனியன், எருமை என்று எல்லாம் சொல்லியிருக்கிறாள். பத்தாம் வகுப்பில் இரண்டு மாதம் பேசாமல் இருந்தோம், அப்போதுகூட அவ என்றுதான் சொன்னாள். இப்போது மரியாதையாகச் சொன்னாள். ஒரே சொல்லில் என்னைத் தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

நான் கடைசிப் படியில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடு என்று கேட்டது அந்தக் கண். சொன்னால் என் விண்ணப்பம் பொய்யாகிவிடும். பொய் விண்ணப்பம் கொடுத்த வெளிநாட்டவரை மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அக்கா வாக்கரோடு அப்படியே நிற்பாள்.

"நான் ஆறு மாசமா இந்த மாடியிலதாங்க இருக்கேன்," என்றேன் ஏட்டம்மாவிடம்.

"பொய் சொல்றாங்க மேடம்," என்றாள் என் சிநேகிதி. அதில் தடுமாற்றமே இல்லை.

ஏட்டம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சண்டைய அப்பறம் போடுங்க. மாடியக் காட்டுங்க," என்று ஏறினார். கொடியில் என் புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன. கைப்பிடிச் சுவர் ஓரம் நான் வைத்த கறிவேப்பிலைச் செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. சமையல்கட்டில் கேஸ் அடுப்பு, தூக்கு, டப்பாக்கள், கிரைண்டர். ஏட்டம்மா கிரைண்டரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பின்னாலேயே ஏறி வந்திருந்த சிநேகிதியிடம் கேட்டார்.

"ரெண்டு நாளைக்குக் கோயிலுக்கு வந்தவங்க மாவரைக்க கிரைண்டர் வாங்கிக்கிட்டா வருவாங்க?"

கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். எனக்கும்கூட ஒரு நொடி சிரிப்பு வரப் பார்த்தது. வந்திருந்தால் இரண்டு பேருமே சிரித்திருப்போம். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அப்படித்தான் ஆகும். ஆனால் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஸ்டேஷனில் தனித்தனியாக எழுதி வாங்கினார்கள். அவள் கணவர் ஆபீஸிலிருந்து நேராக அங்கே வந்தார். இவர் வெளிநாட்டவர் என்பதே எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பாஸ்போர்ட் நகலை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர் அவர். அவர் மகன் எங்கே படித்தான், யார் வீட்டில் சாப்பிட்டான் என்று எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்த இடத்தில் அதைச் சொன்னால் செய்த உதவிக்குக் கணக்குக் கேட்பதுபோல ஆகிவிடும்.

அதிகாரி என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க மேல பெரிய தப்பு ஒண்ணும் இல்லம்மா. நீங்களா எழுதினது நல்லதாப் போச்சு. அவங்க மேல கம்ப்ளெயின்ட் குடுக்குறதுன்னா குடுக்கலாம். ஆனா ஒண்ணு, இன்னிக்கே பதிவு செய்யிற எடமாப் பாத்துத் தங்குங்க."

கம்ப்ளெயின்ட் வேண்டாம் என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. இன்னும் நாலு தடவை அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவள் என்னை அவங்க என்று சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

அக்கா மகன் ஆட்டோவோடு வந்தான். நான் பெட்டிகளைக் கட்டி இறக்கும்வரை கீழ்வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. "கிரைண்டர எடுத்துக்கிறதா சித்தி?" என்றான் அவன். பேச்சு நின்ற பிறகும் அவர்கள் வீட்டு அரிசி மாடிக்கு வருவது நிற்கவில்லை; காலையில் போட்டது அதில் ஊறிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.

திருநள்ளாற்றில் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு லாட்ஜ். சனிக்கிழமை இல்லாததால் அறை கிடைத்தது. கவுன்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டை வாங்கினார். என்னைச் சுவரோரம் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தார். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, அப்பா பெயர், வந்த தேதி, போன் நம்பர் என்று இரண்டு மூன்று கேள்வி கேட்டார். நடுவில் வெந்நீர் வாளி கேட்டு வந்த ஒருவருக்கும் வழி சொன்னார்.

"முடிஞ்சுதும்மா. மாடியில ரெண்டாவது ரூம்பு."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதாம்மா. தெனம் நாலஞ்சு பேருக்குப் போடுறோம். மலேசியாக்காரங்க, சிலோன்காரங்க நெறைய வருவாங்க."

நான் அங்கே கிடந்த சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் வெந்நீர் வாளிக்கு நடுவில் செய்து முடித்த காரியம் இது. அவர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்து, ஊர்ப் பயணம் அசதியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் கிராமம் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான்.

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். பிறகு குழறலாக, "அப்ப நீ... நெசமாவே... வெளிநாட்டுக்காரியா?" என்று கேட்டுவிட்டு, வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரித்தாள். பக்கவாதம் வந்த பிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அக்கா மகனுக்கு ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

லாட்ஜில் இரண்டு மாதம் இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கூட்டம் வரத் தொடங்கிவிடும். சனிக்கிழமை விடியுமுன் படியெல்லாம் எண்ணெய்க் காலடி. எல்லாரும் தங்களைப் பிடித்த சனியைக் குளத்தில் விட்டுவிட்டுப் போக வந்தவர்கள். ஈரத் துணியோடு யாராவது என் கதவைத் தட்டி, தங்கள் அறை எது என்று கேட்பார்கள். வேலைக்காரி என்று நினைத்துச் சோப்புக் கேட்டவர்களும் உண்டு. எடுத்துக் கொடுப்பேன். பகலெல்லாம் அக்கா வீட்டில் கழியும். சாயங்காலங்கள்தான் கஷ்டமாக இருந்தன. பேச ஆள் இல்லாதது ஒரு பக்கம். அந்த ஆறு மாதத்து மாலைகளை மனசு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது இன்னொரு பக்கம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு என்னோடு சிரித்த ஒவ்வொரு மாலையும் அவளுக்கு நான் பதிவில் இல்லை என்பது தெரியும். முதல் நாள் அவள் சொன்னதைக் கேட்டு அழுதேனே, அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

ஒரு நாள் அவள் லாட்ஜுக்கே வந்தாள். தனியாக. கையில் ஒரு தூக்கு இருந்தது. கீழே வரவேற்பறை சோபாவில் உட்கார வைத்துப் பேசினேன். அறைக்குக் கூப்பிடவில்லை.

"கோவமாடி?" என்றாள். மறுபடியும் அந்த 'டி' வந்துவிட்டது.

நான் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மாடிக்கு அனுமதி வாங்காமக் கட்டிட்டாருடி. எங்க வீடு கணக்குல கீழ மட்டுந்தான். ஒன்னைய எழுதுனா மாடியையும்ல எழுதணும்? அவரு ஆபீஸ்ல ஏற்கெனவே எவனோ மொட்டக் கடுதாசி போட்டு ஒரு விசாரணை நடந்துச்சு. இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸு இருக்கு. போலீஸ் வந்து மாடியில யாருன்னு கேட்டா நான் என்னடி சொல்லுவேன்? பயந்துட்டேன்."

"மொத நாளே சொல்லியிருந்தா வேற வீடு பாத்திருப்பேன்ல," என்றேன்.

"நீ போயிடுவியேன்னுதான்..."

அதை உண்மையாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். அவளும் தனியாகத்தான் இருந்தாள். மகன் பிரான்ஸில், கணவர் பேசாத ஆள். நான் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. அவள் ஆசைப்பட்டது அதுதான்.

"பயந்தது எனக்குப் புரியுது," என்றேன். "கோயிலுக்கு வந்தவன்னு சொன்னதக்கூட விட்டுடுறேன். நான் உண்மையச் சொன்னப்பறம், பொய் சொல்றாங்கன்னு சொன்ன பாரு. நான் படியில நிக்கிறேன். என்னைய வச்சிக்கிட்டே சொன்ன. அவங்க என்னைய நாட்ட விட்டு அனுப்பியிருந்தா எங்க அக்கா கதி என்னாவும்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்ன."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முதியோர் இல்லத்தில் முன்பின் தெரியாத எத்தனையோ பேர் அழும்போது தோளில் கை வைத்திருக்கிறேன். அன்று என் கை நீளவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அவள் எழுந்தாள்.

"என் மவன்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதடி. அவனுக்கு ஒம்மேல உசுரு."

அதற்குத்தான் வந்தாள் என்று அப்போது புரிந்தது. சொல்ல மாட்டேன் என்றேன். தூக்கை டீப்பாயின் மேல் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே சுறாப்புட்டு இருந்தது. எனக்குப் பிடித்ததுதான். கவுன்டரில் இருந்தவரிடம் அசைவம் சாப்பிடுவீங்களா என்று கேட்டு, தூக்கோடு கொடுத்தேன். வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

அவள் மகன் இப்போதும் மாதம் ஒருமுறை பிரான்ஸிலிருந்து போன் செய்கிறான். அம்மாவைப் பார்த்தீர்களா அத்தை என்று கேட்கிறான். பார்த்து நாளாயிற்று என்கிறேன். அவனிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவனுக்காக.

என் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இருப்பிடப் பதிவு தாமதமானதற்கு ஓர் அபராதம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். அதன் பிறகு அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு கிடைத்தது. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரின் வீடு. போய் நின்றவுடன் உட்காருங்க என்றுகூடச் சொல்லாமல், "ஃபாரினா? மொதல்ல பாஸ்போர்ட்டக் கொண்டாங்க. பதிவு பண்ணிட்டுத்தான் சாவி," என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். என் பெயரைத் தப்பாக அடித்து, திருத்தி, மறுபடி தப்பாக அடித்தார். நான் முற்றத்தில் நின்றுகொண்டு காத்திருந்தேன். எரிச்சலே வரவில்லை. அவர் எனக்கு யாரும் இல்லை, நானும் அவருக்கு யாரும் இல்லை, இந்த மாதிரியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

டவுனுக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. மீன்கார அம்மாவை ஒருமுறை மார்க்கெட் பக்கம் பார்த்தேன். "ஒங்க அக்கா தங்கச்சிக்குள்ள என்னாம்மா சண்டை? அந்தம்மா ஒன்னையப் பத்திக் கேட்டா மூஞ்சத் திருப்பிக்குது," என்றாள். நான் பிரான்ஸுக்கே போய்விட்டதாகச் சிநேகிதி சொல்லியிருப்பாள் என்று நினைத்திருந்தேன். அந்தப் பொய்யையாவது சொல்லாமல் இருந்திருக்கிறாள். கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மகள் அடிக்கடி கேட்கிறாள், இவ்வளவு நடந்த பிறகும் அங்கே எதற்கு இருக்கிறாய், வந்துவிடு என்று. வருகிறேன் என்கிறேன். அக்கா இப்போது வாக்கர் இல்லாமல் ஊன்றுகோல் பிடித்துக் கொல்லைப் பக்கம் வரைக்கும் போகிறாள். அடுத்து வாசல்படி இறங்கப் பழக்க வேண்டும். படி இறங்கும்போது நல்ல காலை மேலேயே வைத்துக்கொண்டு, வராத காலை முதலில் கீழே வைக்க வேண்டும். அக்கா எப்போதும் மாற்றித்தான் வைக்கிறாள். சொன்னால் என்னைத் திட்டுகிறாள்.